ரகசியமா எதுவும் போடலையே, அப்புறம் என்ன பயம்?

கேள்வி சுருக்கமா இதுதான்: "என் சோசியல் மீடியா அக்கவுண்ட்ட ஃப்ரெண்ட்ஸ் மட்டும் பாக்குற மாதிரி பூட்டி வச்சிருக்கேன். பேங்க் விவரம், பாஸ்வேர்டுன்னு எதுவும் போடுறதில்ல. பிறந்தநாள், படிச்ச ஸ்கூல், போன் நம்பர், குடும்ப போட்டோ நாலு, அவ்வளவுதான். இதுக்கே என் தம்பி எல்லாத்தையும் எடுத்துடுன்னு சண்டைக்கு வர்றான். அவன் ஓவரா பண்றானா?"

உங்க தம்பி போடுற சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா விஷயம் இல்லாம போடல. அக்கவுண்ட் பறிபோனவங்க, தன் பேர்ல போலி ப்ரொஃபைல் வந்து முழிச்சவங்கன்னு தெரிஞ்ச ஆளுங்களுக்கு நான் பல வருஷமா உதவி பண்ணிட்டு வர்றேன். அதுல பாத்த வரைக்கும் ரகசியத்தப் போட்டு மாட்டுனவங்க ரொம்பக் கம்மி, பாஸ்வேர்ட யாரு ஸ்டேட்டஸ்ல போடுவா. "இதுல என்ன இருக்கு"ன்னு நெனச்சுப் போட்டதுலதான் பாதிப் பேர் மாட்டுனாங்க. தனியா எடுத்துப் பாத்தா நெஜமாவே அதுல ஒண்ணும் இருக்காது. நாம புள்ளிய மட்டும் வச்சுட்டு வந்துடுறோம், கோலத்த வேற யாரோ இழுத்துக்குறாங்க.

இது சோசியல் மீடியாவுக்கு முன்னாடியே தெரிஞ்ச சங்கதி. 1990கள்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல அரசு ஊழியர்களோட ஆஸ்பத்திரிப் பதிவுகள ஆராய்ச்சிக்குன்னு வெளிய குடுத்தாங்க, பேர், அட்ரஸ் எல்லாம் எடுத்துட்டோம், யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னு அப்போ கவர்னரா இருந்த வில்லியம் வெல்டும் சொன்னாரு. லடான்யா ஸ்வீனின்னு ஒரு மாணவி 20 டாலர் குடுத்து கவர்னர் குடியிருந்த ஊரோட வாக்காளர் பட்டியல வாங்கி, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, இந்த மூணையும் ரெண்டு பக்கமும் வச்சு ஒப்பிட்டுப் பாத்து, கவர்னரோட மருத்துவப் பதிவையே எடுத்து அவர் ஆபீசுக்கு அனுப்பி வச்சாங்க. 2000ல அவங்க போட்ட கணக்குப்படி அமெரிக்க மக்கள்ல 87 சதவீதம் பேர இந்த மூணு விவரத்த வச்சே தனியாப் பிரிச்சு எடுத்துடலாம். இப்போ உங்க ப்ரொஃபைலப் பாருங்க. பிறந்த தேதி இருக்கு, பேர் இருக்கு, எந்தப் பகுதின்னு போட்டோவப் பாத்தாலே தெரிஞ்சுடும். மாணவி இருபது டாலர் குடுத்து வாங்குனத நாம சும்மா குடுத்துட்டு இருக்கோம்.

சரி, கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு கேப்பீங்க. 2008 செப்டம்பர்ல அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரா நின்ன சாரா பேலினோட யாஹூ மெயில ஒரு காலேஜ் பையன் திறந்துட்டான். ஹேக்கிங் கில்லாடி எல்லாம் கிடையாது, 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்'னு அழுத்தினான், பிறந்த தேதி கேட்டுச்சு, அஞ்சல் குறியீடு கேட்டுச்சு, கணவரை முதல்ல எங்க சந்திச்சீங்கன்னு கேட்டுச்சு, மூணும் இணையத்துலயே கெடந்துச்சு. அவங்க பிரபலம், அதனால அவங்களப் பத்தி ஊரே எழுதி வச்சிருந்துச்சு. நம்மளப் பத்தி நாமளே எழுதி வச்சிருக்கோம், அது ஒண்ணுதான் வித்தியாசம். "உங்க முதல் டீச்சர் பேரு என்ன, முதல்ல வளர்த்த நாய் பேரு என்ன, கமெண்ட்ல சொல்லுங்க"ன்னு ஜாலியா ஒரு போஸ்ட் சுத்தும் பாருங்க, அதுல வர்ற கேள்வி எல்லாம் பாதுகாப்புக் கேள்வியா வர்ற அதே கேள்விதான். எல்லாத்தையும் திருடன்தான் கெளப்பி விடுறான்னு நான் சொல்லல, ஆனா பதில் அங்கயே கெடக்கும், யாரு வேணா பொறுக்கிக்கலாம். இதுக்கு நான் பண்றது ஒரே வேலை, அந்த மாதிரிக் கேள்விக்கு உண்மையான பதில் போடவே மாட்டேன். முதல் நாய் பேரு கேட்டா சம்பந்தமே இல்லாம நாலு வார்த்தை போட்டு, பாஸ்வேர்ட எல்லாம் பத்திரமா வைக்கிற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப்ல எழுதி வச்சுக்குவேன். நாயே வளர்த்ததில்ல, அது வேற விஷயம்.

போட்டோவுல தெரியுற துண்டுச்சீட்டும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவோட முன்னாள் பிரதமர் டோனி அபோட் 2020 மார்ச்சுல தன்னோட விமான போர்டிங் பாஸ இன்ஸ்டாகிராம்ல போட்டாரு. அதுல இருந்த புக்கிங் நம்பரையும் அவர் பேரையும் விமான நிறுவனத் தளத்துல போட்டு உள்ள போன ஒருத்தர், அந்தப் பக்கத்துக்குப் பின்னாடி இருக்குற புரோகிராமுக்குள்ள பாத்தா பாஸ்போர்ட் நம்பரும் போன் நம்பரும் கெடக்குது. நல்ல மனுஷன், அரசாங்கத்துக்கே தகவல் சொல்லி ஓட்டைய அடைக்க வச்சுட்டுதான் வெளிய எழுதினாரு. இந்தக் கதையில தப்பு பெரும்பாலும் அந்தத் தளத்து மேலதான், அபோட் மேல இல்ல, இருந்தாலும் எந்தத் துண்டுச்சீட்டு எந்தக் கதவத் திறக்கும்னு போட்டோ போடுற ஆளுக்குத் தெரியவே தெரியாதுங்குறதுக்காகச் சொல்றேன்.

இப்போ உங்க முக்கியமான வாதத்துக்கு வர்றேன், "ஃப்ரெண்ட்ஸ் மட்டும்"னு பூட்டி வச்சிருக்கேன்னு சொன்னீங்கல்ல. அந்தப் பூட்டு நல்லதுதான், வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா அது யாரத் தடுக்குதுன்னு யோசிங்க. தெருவுல போறவனத் தடுக்கும். வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்குறவங்களத் தடுக்காது, வீட்டு ஓனரயும் தடுக்காது. ஓனர் யாருன்னா அந்தத் தளத்த நடத்துற கம்பெனி. நீங்க "நான் மட்டும்"னு போட்டு வச்ச போஸ்ட் கூட அவங்க சர்வர்லதான் இருக்கு. அப்புறம் பூட்டே சில நேரம் தானாத் திறந்துக்கும், 2018 மே மாசம் ஃபேஸ்புக்ல ஒரு கோளாறு வந்து 1.4 கோடி பேருக்குப் புதுசாப் போடுற போஸ்ட் எல்லாம் 'பப்ளிக்'னு மாறி நின்னுச்சு, பத்து நாளுக்கு அப்படியே ஓடுச்சு, போட்டவங்களுக்கே தெரியல.

வீட்டுக்குள்ள இருக்குறவங்க விஷயம்தான் இன்னும் கஷ்டம். கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகான்னு தேர்தல் பிரச்சாரத்துக்கு டேட்டா அலசிக் குடுத்த ஒரு கம்பெனியால 2018ல பெரிய ரகளை ஆச்சே, ஞாபகம் இருக்கும். அதுல நெறைய பேருக்கு மனசுல நிக்காத ஒரு கணக்கு இருக்கு. உங்க குணம் என்னன்னு சொல்றோம்னு ஒரு டெஸ்ட் ஆப், அத இன்ஸ்டால் பண்ணவங்க சுமார் 2.7 லட்சம் பேர்தான். ஆனா விவரம் போனது 8.7 கோடிப் பேரோடது வரைக்கும் இருக்கலாம்னு ஃபேஸ்புக்கே ஒத்துக்குச்சு. வகுத்துப் பாருங்க, ஒரு ஆள் சரின்னு அழுத்தினதுக்கு முந்நூத்துச் சொச்சம் பேர் சேந்து போயிருக்காங்க. அப்போ இருந்த ஏற்பாட்டுல ஒரு ஆப் உங்களக் கேட்டுட்டு உங்க ஃப்ரெண்ட்ஸோட விவரத்தையும் அள்ளிக்கலாம், அந்த ஃப்ரெண்டக் கேக்கவே வேண்டாம். அந்த முந்நூறு பேர்ல எத்தனையோ பேர் உங்கள மாதிரி கவனமா பூட்டி வச்சிருப்பாங்க. சாவி வேற ஒருத்தர் கையில இருந்துச்சு, அவங்களும் கெட்ட எண்ணத்துல குடுக்கல, ஒரு க்விஸ் விளையாடினாங்க, அவ்வளவுதான். அந்த வழிய ஃபேஸ்புக் 2015ல அடைச்சுட்டாங்க, 2019ல அமெரிக்க வர்த்தக ஆணையம் 500 கோடி டாலர் அபராதமும் போட்டுச்சு. ஆனா போன டேட்டா யானை வாய்க்குப் போன கரும்புதான், அபராதம் கட்டுனா அது திரும்பி வராது.

இதே கதை இன்னைக்கும் நடக்குற எடம் காண்டாக்ட் லிஸ்ட். "நண்பர்களைக் கண்டுபிடிக்க உங்க காண்டாக்ட்ஸ அனுமதிக்கவா"ன்னு ஆப் கேக்கும், சரின்னு அழுத்துவோம், நம்ம போன்ல இருக்குற அத்தனை பேரு, நம்பரு எல்லாம் மேல போயிடும். நீங்க உங்க நம்பர எங்கயும் குடுக்காம இருந்தாலும் உங்க நம்பர வச்சிருக்குற அம்பது பேர்ல நாலு பேர் அழுத்தியிருந்தாலே போதும், உங்க பேரு, நம்பரு, உங்கள யாரு எப்படிக் கூப்பிடுறாங்கங்குறது வரைக்கும் அங்க போய்ச் சேர்ந்துடும். அக்கவுண்ட்டே இல்லாதவங்களுக்கும் இதே கதிதான். 2013 ஜூன்ல ஃபேஸ்புக்ல ஒரு கோளாறு வெளிய வந்தப்போதான் இந்தச் சங்கதி ஊருக்குப் புரிஞ்சுது. தன் டேட்டாவ டவுன்லோட் பண்ணவங்களுக்கு, தன் ஃப்ரெண்டோட வேற ஈமெயிலு, வேற நம்பரு எல்லாம் சேந்து வந்துச்சு, அந்த ஃப்ரெண்ட் குடுத்ததில்ல, மத்தவங்க காண்டாக்ட் லிஸ்ட்ல இருந்து வந்தது. 60 லட்சம் பேரோட விவரம் அப்படி வெளிய போச்சு.

போன் நம்பர நான் ஏன் இவ்வளவு புடிச்சு இழுக்குறேன்னா, பாஸ்வேர்ட மாத்திடலாம், நம்பர அவ்வளவு சுலபமா மாத்த முடியாது, அதுவும் இல்லாம எல்லா தளத்துலயும் அதே நம்பர்தான், அதான் புள்ளிகளச் சேக்குற நூலு. 2021 ஏப்ரல்ல 53.3 கோடிப் பேரோட ஃபேஸ்புக் விவரம் போன் நம்பரோட இலவசமாவே இணையத்துல வந்து விழுந்துச்சு. அதுக்கு யாரும் சர்வர ஒடைச்சு உள்ள போகல. அதே 'நண்பர்களைக் கண்டுபிடி' வசதியில, வரிசையா நம்பர்கள உண்டாக்கி என் காண்டாக்ட் லிஸ்ட்டுன்னு சொல்லி ஏத்தியிருக்காங்க, எந்த நம்பர் எந்த ப்ரொஃபைல்னு தளமே பொருத்திக் குடுத்திருக்கு. பக்கத்துல நம்பர் மறைவாத்தான் இருந்துச்சு, ஆனா நம்பர வச்சுத் தேடுனா ஆள் வர்ற செட்டிங் தனி, அது திறந்தே கெடந்துச்சு. இந்த ரெண்டும் வேற வேறன்னு இப்பவும் பல பேருக்குத் தெரியாது. இதுக்கு அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல 26.5 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. ட்விட்டர் கதை இன்னும் மோசம், பாதுகாப்புக்கு டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல ரெண்டாவதா ஒரு ஓடிபி கேக்குற ஏற்பாடு வைக்கிறோம்னு வாங்குன நம்பரயும் ஈமெயிலயும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியிருக்காங்க, 2022 மே மாசம் 15 கோடி டாலர் கட்டினாங்க. அதனால டூ ஃபேக்டர் வேண்டாம்னு எடுத்துடாதீங்க, அது கட்டாயம் வேணும், எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலா, அந்த ஓடிபிய போன்லயே உண்டாக்குற ஆத்தென்டிகேட்டர் ஆப் வச்சுக்கோங்க, நம்பர் குடுக்குற வேலையே இருக்காது.

நீங்க சொல்லாதது கூட தெரியுங்குறதுக்கு ஒரு ஆராய்ச்சி சொல்றேன். 2013ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல மைக்கேல் கோசின்ஸ்கியும் கூட ரெண்டு பேரும் சேந்து 58,000 பேரோட ஃபேஸ்புக் லைக்ஸ மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. தன்பால் ஈர்ப்புள்ள ஒரு ஆண், இல்லாத ஒரு ஆண், ரெண்டு பேர் லைக்ஸையும் குடுத்தா யாரு யாருன்னு 88 சதவீதம் சரியா வந்துச்சு, அமெரிக்காவுல எந்தக் கட்சிங்குறது 85 சதவீதம். இதுல கவனிக்க வேண்டியது, தன்பால் ஈர்ப்புள்ளவங்கள்ல அந்த மாதிரி வெளிப்படையான பக்கங்களுக்கு லைக் போட்டிருந்தவங்க 5 சதவீதம் கூட இல்ல. பாட்டு, நிகழ்ச்சி, ஏதோ ஒரு பிராண்டுன்னு போட்ட சாதாரண லைக்ஸ்தான் மொத்தமா சேந்து காட்டிக் குடுத்துருச்சு. அது பத்து வருஷத்துக்கு மேல பழைய கணக்கு, லைக்ஸ் மட்டும் வச்சுப் போட்டது. இப்போ எந்த வீடியோவுல எத்தனை செகண்ட் நின்னீங்க, எதத் தள்ளி விட்டீங்கங்குறது எல்லாம் கணக்குல இருக்கு. "மைக்ல ஒட்டுக் கேக்குறாங்க, அதான் பேசுனதுக்கே விளம்பரம் வருது"ன்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல, ஒட்டுக் கேக்க வேண்டிய அவசியமே இந்தத் தளங்கள நடத்துற கம்பெனிங்களுக்கு இல்ல. மத்த கடைத் தளங்கள்லயும் செய்தித் தளங்கள்லயும் அவங்க புரோகிராம் துண்டு ஒண்ணு உக்காந்திருக்கும், நீங்க அங்க என்ன பாத்தீங்கன்னு அது சொல்லிடும்.

போட்டோவப் பத்தி நெறைய பயமுறுத்தல் சுத்துது, அதுல எது நெஜம்னு கொஞ்சம் பிரிச்சுக்கணும். கேமரா ஆப்ல லொகேஷன் ஆன் ஆகி இருந்தா எடுத்த எடம் போட்டோ ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். 2012 டிசம்பர்ல போலீஸ் தேடிக்கிட்டு இருந்த ஜான் மெக்காஃபி, அந்த ஆன்டிவைரஸ் கம்பெனிய ஆரம்பிச்சவருதான், அவர் கூட இருந்த பத்திரிகைக்காரங்க போட்ட ஒரு போட்டோவால குவாத்தமாலாவுல இருக்காருன்னு அப்பட்டமாத் தெரிஞ்சு போச்சு. இப்போ பெரிய தளங்கள் போஸ்ட் பண்ணும்போது மத்தவங்களுக்குப் போற காப்பியில இருந்து அத நீக்கிடுறாங்க, அந்தத் தளத்துக்காரங்களுக்கு மட்டும் தெரியும். ஆனா அதே போட்டோவ மெசேஜ்ல 'டாக்குமென்ட்'டா அனுப்புனா உள்ள இருக்குறது அப்படியே போகும். ஃபைல்ல இல்லாட்டியும் படத்துலயே இருக்கும், ஜப்பான்ல 2019ல ஒருத்தன் ஒரு பாடகியோட செல்ஃபியில கண்ணுக்குள்ள தெரிஞ்ச ரயில் நிலையத்தோட பிரதிபலிப்ப வச்சு எடத்தக் கண்டுபிடிச்சுப் போயி தாக்கியிருக்கான். விரல் காட்டுற போட்டோவுல இருந்து கைரேகைய எடுத்துடுவாங்கன்னு ஒண்ணு சுத்தும், ஜெர்மனியில 2014ல யான் கிரிஸ்லர்ங்குறவர் ஒரு அமைச்சரோட கைரேகைய அப்படி எடுத்துக் காட்டுனது உண்மைதான், ஆனா அதுக்கெல்லாம் உக்காந்து உழைக்கணும், நமக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டாங்க. நீங்க கவலைப்பட வேண்டியது சாதா விஷயம்தான்: குழந்தையோட யூனிஃபார்ம்ல ஸ்கூல் பேரு, வீட்டு வாசல் நம்பரு, தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே எடத்துல எடுத்த வாக்கிங் போட்டோ. ஊருக்குப் போயிருக்கும்போதே போடாம, திரும்பி வந்து போடுங்க, லைக் ஒண்ணும் கொறைஞ்சிடாது.

குழந்தைங்க போட்டோ பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா நீங்க குடும்ப போட்டோன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டீங்க. பப்ளிக்கா கெடக்குற முகங்கள அள்ளிக்கிட்டு வந்து தேடுற எந்திரம் கட்டுற கம்பெனிங்க இருக்கு, கிளியர்வியூன்னு ஒண்ணு 300 கோடிப் படத்துக்கு மேல அப்படிச் சேத்து வச்சிருக்குன்னு 2020 ஜனவரியில தெரிய வந்துச்சு. பெரியவங்க நாம தெரிஞ்சே போடுறோம், குழந்தைய யாரும் கேக்குறதில்ல. இதுல எனக்குக் கொஞ்சம் கறாரான அபிப்ராயம் உண்டு, வீட்டுக்குள்ளேயே சண்டையும் வந்திருக்கு.

இதெல்லாம் படிச்சுட்டு மிரண்டு போயிட வேண்டாம். நெஜ வாழ்க்கையில நான் அதிகமாப் பாக்குற கேடு ரொம்ப மட்டமானது. எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சரம்மா, உங்கள மாதிரியே எல்லாத்தையும் பூட்டி வச்சிருந்தவங்க. ப்ரொஃபைல் போட்டோவ எடுத்து, அதே பேர்ல இன்னொரு அக்கவுண்ட் தொறந்து, அவங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் திறந்து கெடந்துச்சா, அதுல இருந்த எல்லாருக்கும் ரிக்வெஸ்ட் அனுப்பி, "அவசரம், ஆஸ்பத்திரியில இருக்கேன், கொஞ்சம் பணம் அனுப்பு"ன்னு கேட்டுட்டான். மூணு பேர் அனுப்பியும் விட்டாங்க. ஏமாந்தது இவங்க இல்ல, இவங்க மேல பாசம் வச்சிருந்தவங்க, அதான் அவங்களால தாங்க முடியல. இதுல ஹேக்கிங்னு ஒண்ணுமே நடக்கல. ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ட 'நான் மட்டும்'னு மறைச்சிருந்தா யாருக்கு அனுப்புறதுன்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. போஸ்ட்டப் பூட்டுறவங்க பத்துல எட்டு பேர் இந்த லிஸ்ட்டப் பூட்டுறதில்ல, நான் பாத்த வரைக்கும்.

அதனால உங்க ப்ரொஃபைல் எங்கிட்ட வந்தா நான் கை வைக்கிற வரிசையச் சொல்றேன். முதல்ல ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட். அடுத்தது, போன் நம்பர், ஈமெயில் வச்சு என்னை யாரு தேடலாம்ங்குற செட்டிங், அதையும் 'நான் மட்டும்'னு வச்சிடுவேன். பிறந்தநாள்ல வருஷத்த எடுத்துடுவேன், நாளும் மாசமும் இருக்கட்டும், வாழ்த்து சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். ஸ்கூல் பேர் இருந்துட்டுப் போகுது, பழைய சிநேகிதங்க தேடி வர்ற வழி அது, அத எடுக்கச் சொன்னா தம்பிகிட்ட நான் உங்க பக்கம் பேசுறேன், எங்கயும் அது பாதுகாப்புக் கேள்விக்குப் பதிலா மட்டும் இருக்கக் கூடாது. அப்புறம் 'ஃபேஸ்புக் மூலம் உள்நுழை', 'கூகுள் மூலம் உள்நுழை'ன்னு குடுத்து வச்ச ஆப்ஸ் பட்டியலத் திறந்து பாருங்க, என்னைக்கோ முகத்த வயசாக்கிப் பாத்த ஆப் எல்லாம் இன்னும் உக்காந்திருக்கும், எல்லாத்தையும் தூக்கிடுங்க. அக்கவுண்ட்டே வேண்டாம்னு முடிவு பண்ணா 'டீஆக்டிவேட்' பத்தாது, அது கதவச் சாத்துறது மட்டும்தான், 'டெலிட்' குடுக்கணும், ஃபேஸ்புக்ல 30 நாள் வரைக்கும் மனசு மாறலாம், அதுக்கு அப்புறம் எல்லாம் அழிய 90 நாள் வரைக்கும் ஆகும்னு அவங்களே சொல்றாங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை நேரம் கெடைச்சா உங்க டேட்டாவ டவுன்லோட் பண்ணிப் பாருங்க, எல்லாப் பெரிய தளத்துலயும் அந்த வசதி இருக்கு. 2011ல மேக்ஸ் ஷ்ரெம்ஸ்னு ஆஸ்திரிய சட்ட மாணவர் ஒருத்தர் ஃபேஸ்புக்கிட்ட என்னப் பத்தி வச்சிருக்குறதக் குடுன்னு கேட்டு வாங்கினப்போ 1,200 பக்கத்துக்கு மேல வந்துச்சு, அவர் அழிச்சுட்டதா நெனச்ச மெசேஜும் அதுல இருந்துச்சு. உங்களுக்கு எத்தனை வருதோ. நான் பாத்தப்போ எனக்கு அதிர்ச்சியா இருந்தது நான் போட்டது இல்ல, என்னைக்கோ ஒரு தடவை சரின்னு அழுத்துனதுல மேல போயிருந்த என் காண்டாக்ட் லிஸ்ட்தான். எங்க வீட்டுப் பெரியவங்க, செல்போன்ல பேச மட்டுமே தெரிஞ்சவங்க, அவங்க நம்பரெல்லாம் வரிசையா இருந்துச்சு. குடுத்தது நான்.

அதனால தம்பி அடுத்த தடவை சண்டைக்கு வந்தா, நம்பர எடுத்துடுறேன்டா, ஆனா முதல்ல உன் போனக் குடுன்னு கேளுங்க. அவன் ஆப்ல காண்டாக்ட் அப்லோட் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா, உங்க நம்பரு "அக்கா"வோ "அண்ணன்"னோ எந்தப் பேர்ல அவன் சேவ் பண்ணி வச்சிருக்கானோ, அந்தப் பேரோட எப்பவோ மேல போயிருக்கும்.